ஒன்பது கிலோ இருட்டு

மூர்மான்ஸ்க் துறைமுகத்தில்
ராத்திரி முழுக்க நிலக்கரி தூக்குகிறவள் நான்.
கிரேனின் ஒரு அள்ளலுக்குப் பதினாறு டன்.
ராத்திரி என்பது பேச்சுக்குச் சொல்வது.
ஜூன் மாதம் இங்கே சூரியன் மறைவதில்லை,
நடுச்சாமத்தில் கொஞ்சம் தலை சாய்க்கும்,
அவ்வளவுதான்.

காலை எட்டுக்கு வந்து படுத்தால்
மூடிய இமைக்குள்ளும் சிவப்பாக எரிகிறது.

மூடிப்போன திரையரங்கின் திரை
சந்தையில் மலிவாகக் கிடைத்தது.
பாசிப்பச்சை வெல்வெட், பின்புறம் கம்பளித் துணி.
கட்டிப்பிடித்துக்கொண்டு எடைமேடையில் ஏறினேன்,
பிறகு நான் மட்டும் ஏறினேன்.
கழித்தால் ஒன்பது கிலோ.
சிரிப்பு வந்தது.
பதினாறு டன்காரிக்கு இதுவும் ஒரு சுமையா?

கடையில் கொடுத்த கம்பி
ஒன்றுக்குள் ஒன்று நுழைந்து நீளும் ரகம்.
அட்டைப்பெட்டியில் ஒருத்தி சிரித்துக்கொண்டிருந்தாள்,
அவள் ஜன்னலில் தொங்கியது கொசுவலை போல ஒரு துணி.
அதைக் கவனித்திருக்க வேண்டும்.
முதல் நாள், இரண்டு குழாயும் சேரும் இடத்தில்
லேசாகத் தொய்ந்தது.
மூன்றாம் நாள், நல்ல தூக்கத்தில்,
ஜெரேனியத் தொட்டியையும் இழுத்துக்கொண்டு
என் முழங்கால் மேல் வந்து விழுந்தது.
சுவரில் இரண்டு ஓட்டை,
பல் போன ஈறு.

கிரேனில் ஏறுமுன் நான் பார்ப்பது
சுமையை அல்ல, வடத்தை.
வீட்டில் யார் அதையெல்லாம் பார்க்கிறார்கள்.

கப்பல் பட்டறை லியோன்யா
தண்ணீர்க்குழாய் ஒன்றை அறுத்துத் தந்தான்.
எஃகு. என் கட்டைவிரலைவிடப் பருமன்,
இரண்டு மீட்டர் அறுபது.
கூலி, புகைபோட்ட மீன் இரண்டு.
"தாங்கி மூன்று வை. ஓரத்துக்கு ஒன்று, நடுவில் ஒன்று."
"நடுவில் வைத்தால் வளையம் அந்தப் பக்கம் போகாதே?"
"எதற்குப் போகணும்?
இடது இடத்திலேயே இருக்கட்டும், வலது வலத்திலேயே.
நானும் லூஷாவும் அப்படித்தான் குடித்தனம் நடத்துகிறோம்."

வியாழன் காலை பத்து மணி.
கான்கிரீட் சுவரில் டிரில்லை ஊன்றினேன்.
தாங்கிக்கு இரண்டாக ஆறு துளை.
துளைத்ததும் தூசியை ஊதி எடுக்க வேண்டும்,
தூசி இருந்தால் பிளக் பிடிக்காது,
சுழன்றுகொண்டே இருக்கும், பொய் சொல்கிறவன் மாதிரி.
ஒன்று, இரண்டு, மூன்று.
நான்காவது அலறியது.
உள்ளே இரும்புக்கம்பி.
அப்போதுதான் கேட்டது,
தண். தண். தண்.
கீழ்வீட்டில் யாரோ வெப்பக்குழாயைக் கரண்டியால் தட்டுகிறார்கள்.
எங்கள் கட்டடத்தில் அது வசவு.
இரண்டு விரல் வலப்பக்கம் தள்ளி
மறுபடி துளைத்தேன்.

ஐந்தாவதில் கதவு இடிபட்டது.
யெவ்சேய் பாவ்லோவிச், ரயில் யார்டில் இரவுக்காரர்.
செருப்பு மாறி மாட்டியிருந்தது,
கண் இரண்டும் வேகவைத்த இறால்.
திட்டத்தான் வாயைத் திறந்தார்.
கட்டிலில் கிடந்த வெல்வெட்டைப் பார்த்து
கையால் ஒருமுறை தடவி
"இது நிஜமாகவே இருட்டாக்குமா?" என்றார்.
அவர் ஜன்னலில் சமையலறை அலுமினியத்தாளாம்,
காற்றடித்தால் மொறுமொறுக்குமாம்.

குழாயின் ஒரு முனையை அவர் பிடித்தார்.
ரசமட்டத்தில் குமிழி நடுவில் நின்றது,
பார்வைக்கோ கம்பி கோணல்.
"கூரைதான் கோணல்" என்றார்,
"நான் குடிவந்த நாளிலிருந்தே."
கண் கெட்டது கெடட்டும் என்று
குமிழியை நம்பித் திருகினேன்.
பிறகு குழாயைப் பிடித்து
என் முழு எடையோடு தொங்கிப் பார்த்தேன்.
அசையவில்லை.

திரையை இழுத்ததும்
என் கை எனக்குத் தெரியவில்லை.
இருவரும் எதுவும் பேசவில்லை.
ரொம்ப நேரம் கழித்து "வருகிறேன்" என்றார்.
அப்புறமும் அங்கேயேதான் நின்றார்,
கதவு எங்கே என்று தெரியாமல்.

அடுத்த வியாழன் காலை
தலையணைக்கு அடியில் தரை அதிர்ந்தது.
கரண்டியை எடுத்துக்கொண்டு குழாய் வரை போய்விட்டேன்.
ஒன்று.
இரண்டு.
மூன்று.
நான்காவது அலறியது.

"இரண்டு விரல் வலப்பக்கம்" என்றேன்
தரையைப் பார்த்து,
இருட்டில்.