வில்லங்கம்

தட்டாஞ்சாவடி எஸ்டேட்டில்
தகரக் கூரைக்குக் கீழே
பத்தொன்பது வருஷம் நாங்கள் எழுதியது
ஒரு டிக்கெட் மெஷினின் உயிர்.
உள்ளங்கை அகலம்தான். அதற்கும் ஓர் இயங்குதளம்.

"திறந்து விட்டுடலாம் ஜெயசீலி" என்றார் தணிகாசலம் சார்,
கம்பெனியை மூட ஆறு மாதம் இருக்கையில்.
"யாருக்காவது ஆகட்டும்."
பூட்டைக் கழற்றிக்
கதவைத் தள்ளினால் போதும் என்பதுபோல.
எனக்கும் அப்படித்தான் தோன்றியது,
வக்கீல் வரும்வரை.

கலைமதி மனைப் பத்திரம் பார்த்துப் பழகியவர்.
நிரல் அவருக்குப் புரியாது.
கேட்டது ஒரே கேள்வி:
"இந்த வரி யாருடையது?"
ஒவ்வொரு வரிக்கும்.
நான்கு லட்சத்துப் பன்னிரண்டாயிரம் வரி.

பிரிண்டரை ஓட்டும் பகுதி தைபேயில் வாங்கியது.
காட்டாதே, கொடுக்காதே, பிரித்துப் பார்க்காதே
என்று ஒப்பந்தம்.
அந்தக் கம்பெனியை இன்னொன்று வாங்கி
அதை வேறொன்று விழுங்கி
இப்போது அனுமதி கேட்டால்
"அப்படி ஒன்று எங்களிடம் இல்லையே" என்கிறார்கள்.
இல்லாத பொருளுக்கு
யார் அனுமதி தருவது?

தமிழ் எழுத்துரு, வாய்ப்பேச்சில் வாங்கியது.

பிறகு ழெரார்.
எந்த வேலை முன்னே, எது பின்னே என்று
தீர்மானிக்கும் அந்த இருநூறு வரி
அவர் எழுதியது. சம்பளத்துக்கு அல்ல.
ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து
எங்களோடு பிரியாணி தின்றபடி.
கையெழுத்து வாங்க யாருக்கும் தோன்றவில்லை.
போன வருஷம் துலூஸில் இறந்துபோனார்.
மகளுக்கு மடல் போட்டேன்.
பிரெஞ்சில் பதில் வந்தது:
அப்பா டிக்கெட் மெஷின் செய்தாரா?
சொன்னதே இல்லையே.
ஒரு டிக்கெட் அனுப்ப முடியுமா?

கையெழுத்தைப் பற்றி ஒன்றுமில்லை.

இதற்கிடையில் துடைத்துக்கொண்டிருந்தேன்.
குறிப்புகளில் கிடந்த கெட்ட வார்த்தைகளை,
ஓர் அதிகாரியின் பட்டப்பெயரை,
எல்லா மெஷினையும் திறக்கும் கடவுச்சொல்லை
(சார் வீட்டு நாயின் பெயர்).
"ஏன் ஓடுதுன்னு தெரியல, தொடாதே"
என்று ஒரு வரி இருந்தது.
எழுதியவள் நான். அதை விட்டுவிட்டேன்.

வில்லங்கம் இல்லாததை மட்டும்
கலைமதி ஒரு தாளில் குறித்துத் தந்தார்:
கடிகாரம், பேட்டரி அளவு,
'நன்றி, மீண்டும் வருக'.
சார் நெடுநேரம் பார்த்தார்.
"வாசப்படியை மட்டும் தானம் பண்ணச் சொல்றீங்களா?"
பிறகு,
சரி, அதையாவது செய் என்றார்.

நேற்று கடலூர் பஸ்.
தவளக்குப்பம் தாண்டித்தான் கண்டக்டர் என்னிடம் வந்தார்.
மெஷின் நின்றுபோனது.
தொடையில் இரண்டு தட்டு தட்டினார். எழவில்லை.
எங்கே நிற்கிறது என்று எனக்குத் தெரியும்.
பேப்பர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு
விடியும்வரை பதிலுக்குக் காத்திருக்கும்
தைபேக்காரன் வரி.
ஒரு 'இல்லாவிட்டால்' சேர்த்தால் தீர்ந்தது.
கன்னியக்கோயில் வரை வாய் திறக்கவில்லை.

மூன்றாவது தட்டில் எழுந்து
மங்கலாக ஒரு டிக்கெட் துப்பியது.
மடங்காமல் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டேன்,
துலூஸுக்கு.