ஜூன் ஒன்பதின் விருப்பங்கள்

பாட்டெல்லாம் பத்திரமாக இருந்தது.
பதினோராயிரத்து நானூற்று ஆறு,
ஒன்றும் குறையவில்லை.
போனது விருப்பம் மட்டும்.

நவம்பர் மழை, மூன்றாம் நாள்.
மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்து
கம்பம் சாய்ந்து
கோத்தகிரிக்கு மின்சாரம் ஒரே இரவில் ஒன்பது முறை
வந்து வந்து போனது,
கடன் கேட்க வந்தவர் வாசலில் தயங்குவது போல.
பிரிட்ஜின் தலையில் உட்கார்ந்திருக்கும்
சோப்புப் பெட்டியளவு சர்வர்
பத்தாவது முறை கண் விழித்தபோது
என்னை அதற்குத் தெரியவில்லை.

உங்கள் மொழி எது, என்றது.
பாட்டுகளை எங்கே வைத்திருக்கிறீர்கள், என்றது.
நாலு வருஷம் என் ரசத்தின் ஆவியைக் குடித்த பெட்டி
பெயரென்ன என்று கேட்டது.

பனி உள்ளே புகும் வீட்டில்
பென் டிரைவை அரிசிக்குள் புதைப்பது என் வழக்கம்.
ரேஷன் அரிசி, பச்சை மூடி டப்பா.
முழங்கைவரை விட்டுத் துழாவினேன்.
'காப்பு' என்று ஒரு கோப்புறை,
தேதி ஜூன் ஒன்பது.

(காப்பு கட்டிய பின் ஊரெல்லை தாண்டக் கூடாதாம்.
ஆடியில் கட்டிய மறுநாளே தாண்டினாள் சிரோன்மணி,
ஹீட்டர் பில்லில் தொடங்கிய சண்டையில்,
தன் பங்கு நானூறை மேஜைமேல் எண்ணி வைத்துவிட்டு.)

முதலில் சர்வரை நிறுத்த வேண்டும்.
ஓடுகிற ஒன்றின் நினைவை
ஓடும்போதே மாற்றக் கூடாது.
இரண்டு முறை பட்டுத் தெரிந்துகொண்டது.
கெட்ட கோப்பை அழிக்கவில்லை,
'பழசு' என்று பெயர் மாற்றினேன்.
உண்மையில் அதுதான் புதுசு.
ஜூனை அதன் இடத்தில் வைத்து
உரிமையாளர் பெயரைச் சரிசெய்தேன்,
இல்லாவிட்டால் தன் வீட்டுக் கதவையே
தட்டிக்கொண்டு நிற்கும்.
பிறகு ஓடவிட்டேன்.

வந்துவிட்டது எல்லாம்.
நான் போட்ட நட்சத்திரம்,
பாதியில் தள்ளிவிட்டவை,
எதை எத்தனை தடவை என்ற கணக்கு.
அந்தக் கிளாரினெட்டுக்கு மட்டும் ஒற்றை நட்சத்திரம்.
செப்டம்பரில் அதை அறுபது தடவை கேட்டேன்,
எக்ஸ்ரே அறையிலிருந்து வந்து
செருப்பைக் கழற்றும் முன்பே.
அது எனக்குப் பிடிக்கும் என்று தெரிய
நாற்பத்தோரு வயது ஆனது.
ஜூன் அதை நம்பவில்லை.

அவள் கணக்கும் வந்திருந்தது.
'மாவு பிசைய',
'மாவு பிசைய இரண்டு',
'அக்கா தூங்கிய பிறகு'.
ஆகஸ்டில் நானே அழித்த பட்டியல்கள்.
அக்கா என்றால் நான்தான்.
திறந்து பார்க்கவில்லை.

அலாரத்தையும் விருப்பம் என்றே
குறித்து வைக்கும் அந்தக் கோப்பு.
விடிய மூன்று ஐம்பது,
சமையலறை ஸ்பீக்கர், ஒலி முப்பத்து நான்கு,
தவிலும் டிரம்பெட்டும் சேர்ந்து
பாத்திர அலமாரியை உலுக்கின.
டானிங்டனுக்கு அந்தப் பக்கத்து பேக்கரியில்
நாலரைக்கு வர்க்கிக்கு அடுப்பு மூட்டவேண்டும்,
சிரோ, எழுந்திரு, என்றது சர்வர்.
சிரோ இப்போது திருப்பூரில்.
பனியன் செக்கிங்,
எட்டரைக்குத்தான் ஷிஃப்ட்.

குளிர்ந்த தரையில் வெறுங்காலோடு நின்றேன்.
நிறுத்தும் பொத்தான் ஒரு எட்டுத் தூரம்.
மேல்வீட்டு போஜன் கட்டையால் தரையைத் தட்டினார்.
பாட்டு முடியும்வரை நின்றேன்.
திரையில் அவள் பெயருக்கு நேரே
இருநூற்றுப் பன்னிரண்டு
இருநூற்றுப் பதின்மூன்றானது.

வெளிச்சம் வந்ததும் அலாரத்தை அணைத்தேன்.
ஒலி முப்பத்து நான்கிலேயே கிடக்கட்டும்.
கிளாரினெட்டுக்கு ஐந்து போட்டேன்.
அறுபதைத் திரும்பச் சேர்க்க வழியில்லை,
மறுபடி கேட்டால்தான் உண்டு.
சர்வரை நிறுத்தி,
இன்றைய தேதியில் ஒரு நகல் எடுத்து,
வேறொரு பென் டிரைவில்.

அரிசி டப்பாவில் இப்போது இரண்டு.
உலை வைக்கும்போது
பார்த்து அளக்க வேண்டும்.