அக்கி எழுத இடமில்லை

சட்டை உரசினால் தீ.
கழற்றிப் போட்டால்
காற்றாடிக் காற்றும் தீ.
வலது மார்புக்குக் கீழே தொடங்கி
முதுகுத்தண்டு வரைக்கும்
பாதி ஒட்டியாணம்.

கைப்பேசி விளக்கடித்துப் பரஞ்சோதி தேடினார்.
ஒரு கொப்புளம், ஒரு சிவப்பு, ஏதாவது?
கழுவிக் கவிழ்த்த பீங்கான் மாதிரி இருக்கு உன் முதுகு, என்றார்.
வேறு நாளென்றால் சிரித்திருப்பேன்.

பாயான் லெப்பாஸில் பன்னிரண்டு மணிநேர ஷிப்டு,
நுண்ணோக்கியில் கண் பதித்து
சில்லுகளில் மயிரிழை விரிசல் பார்ப்பவள் நான்.
விரிசல் தெரிந்தால் சிவப்புத் தட்டு,
தெரியாவிட்டால் பச்சை.
கம்பெனி கிளினிக்கில் என்னைப்
பச்சைத் தட்டில் போட்டுத் திருப்பி அனுப்பினார்கள்.
எம்சி கிடையாது.

பிறையில் அக்கி எழுதுகிறவர் உண்டென்று
யாரோ சொல்லிப் பாலம் தாண்டிப் போனோம்.
காவி குழைத்தார், தூரிகை நனைத்தார்,
என் விலாவை வெகுநேரம் பார்த்தார்.
எங்கம்மா எழுதுறது?
தூரிகையைத் துடைத்து வைத்தார். காசு வாங்கவில்லை.
அன்றைக்குத்தான் பயந்தேன்.

பெரிய மருத்துவமனையில் டாக்டர் ஓங்
பஞ்சு நுனியால் ஒரு கோடு இழுத்தார்.
நான் துள்ளிய இடங்களைச் சேர்த்தால்
ஒரே நரம்பு போகும் வழி.
மலாயில் இதற்குக் காயாப்.
கொப்புளம் இல்லாமலும் வரும் என்றார்,
மழை வரும் என்பதுபோல.
அமிட்ரிப்டிலின். பத்து மில்லிகிராம்.
படுக்குமுன் ஒன்று.

பெட்டிக்குள் மடித்திருந்த தாளைப் பரஞ்சோதிதான் படித்தார்.
மனச்சோர்வுக்கான மருந்து.
தட்டுகளைக் கழுவிக்கொண்டே,
எனக்கு முதுகைக் காட்டியபடி கேட்டார்:
என்மேல ஏதும் வருத்தமா, இந்து?
நரம்புக்குத்தான் என்றேன்.
கொஞ்சமாய்க் கொடுத்தால் வலியை அடக்குமாம் என்றேன்.
மறுநாளும் அதையே சொன்னேன்.

வாய் வறண்டது.
நாக்கடியில் ஆசாம் பாய்;
சுத்த அறைக்குள் அதற்கும் தடை.
காலையில் தலை ஈரச்சாக்கு.
பேருந்தில் தூங்கி
இருமுறை நிறுத்தம் தவறினேன்.

மூன்றாம் வாரம், ஒரு செவ்வாய்,
கூட்டத்தில் எவளோ முழங்கையால் இடித்தாள்.
இடித்தது மட்டும் தெரிந்தது.
இறங்கிய பிறகுதான் உறைத்தது,
எதுவும் எரியவில்லையே என்று.

போய்விட்டதென்று சொல்லமாட்டேன்.
மேல்மாடி வீட்டில் யாரோ
நாற்காலி இழுப்பதுபோல எப்போதாவது.

பரஞ்சோதி இன்னும் தட்டுக் கழுவுகிறார்.
சாப்பிடும்போது என் முகத்தை
நுண்ணோக்கிக்காரர் மாதிரி பார்க்கிறார்.
நரம்புக்குத்தான் என்று
மூன்றாம் முறை நான் சொல்லவில்லை.