ஒரு விரற்கடை

முதலில் அட்டையில் ஓர் இன்ஜின் செய்தேன்.
ஃபிரிட்ஜ் வந்த பெட்டி, பழுப்பு நாடா,
டிஸ்ட்ரிபியூட்டருக்குப் பதில்
டிஷ்யூ சுருள் தீர்ந்துபோன குழல்.
முப்பத்தேழாம் வருடத்து ஷெவர்லேயின் மூக்குக்குள்
அளவெடுத்துத் தைத்தது போல் இறங்கியது.
மைரன் கைதட்டினான்.

விவாகரத்தில்
வீடு எனக்கு, படகு அவனுக்கு,
நாய் ஆளுக்குப் பாதி மாதம்.
காரைப் பற்றி வக்கீல் கேட்டபோது மட்டும்
இருவரும் ஒரே குரலில் சொன்னோம்:
"அது இன்னும் முடியலையே."
அதனால் வியாழக்கிழமைகளில் வருகிறான்,
மூஸ் ஜாவின் மைனஸ் முப்பத்தொன்றில்
மீசையெல்லாம் பனியாக,
தன் ஸ்பானர்களைத் தானே தூக்கிக்கொண்டு.
என்னுடையதைத் தொடுவதில்லை.

நிஜ இன்ஜின் ஸ்விஃப்ட் கரண்ட்டில்
ஒரு காயலாங்கடையில் கிடைத்தது.
நானூற்று ஐம்பத்து நான்கு கன அங்குலம்.
கட்டில், அடுப்பு, கக்கூஸ்,
பின்னால் அடித்துக்கொள்ளும் பிள்ளைகள் என
ஒரு முழுக் குடித்தனத்தை
இருபது கோடைகள் மலையேற்றி இழுத்த பிராணி.
இங்கே அதற்கு வேலையே இல்லை,
இரண்டே இருக்கை.

பக்கத்து வீட்டு ஹால்வர் கிரேனைத் தள்ளிவந்தார்.
சங்கிலி ஒவ்வொரு பல்லாக இறங்கியது.
முன்னால் ரேடியேட்டர்,
பின்னால் கால்களைக் காக்கும் தகட்டுச் சுவர்,
நடுவில் அது
உட்காரவும் இல்லை, போகவும் இல்லை.

மூலையில் கிடந்த அட்டை இன்ஜினை
அப்போதுதான் திருப்பிப் பார்த்தேன்.
பின்பக்கக் குழல் சப்பையாக நசுங்கியிருந்தது.
வளைந்துகொடுத்திருக்கிறது, சத்தமில்லாமல்.
நாங்கள் பொருந்திவிட்டது என்று நினைத்திருக்கிறோம்.

"சின்ன இன்ஜின் போட்டா என்ன?" என்றார் ஹால்வர்.
நாங்கள் இருவரும் திரும்பிய வேகத்தில்
கிரேனை விட்டுவிட்டே போய்விட்டார்.

அப்புறம் மூன்று வியாழன் சண்டை.
ரேடியேட்டரை முன்னே தள்ளு என்றேன்.
முகமே போய்விடும் என்றான்.
சுவரை வெட்டு என்றான்.
எண்பது வருஷமாக யாரும் வெட்டவில்லை என்றேன்.
எண்பது வருஷமாக யாரும் இதைப் போடவில்லை என்றான்.
நியாயம்தான்.
ஆனால் கிரைண்டரை நானே எடுத்தேன்.
பொறி பறந்து என் கையுறையில் ஒன்று,
அவன் தாடியில் ஒன்று.
அந்த நாற்றம் சனிக்கிழமை வரை இருந்தது.

மூன்றங்குலம் பின்னே போனது.
போனால், இடப்பக்கப் புகைக்குழாய்
ஸ்டியரிங் தண்டில் இடிக்கிறது.
வலப்பக்கம் நகர்த்தினோம், ஒன்றேகால் அங்குலம்.
உள்ளே புதுத் தகடு அடித்துப் பற்றவைத்தபோது
வலப்பக்க இருக்கைக்கு முன்னால்
கால் வைக்கும் இடம் காணோம்.

மைரன் குனிந்து பார்த்தான்.
வெகுநேரம் பார்த்தான்.
"நீ காலை எங்கே வைப்பே?"

நான் வெல்டிங் முகமூடியைக் கழற்றினேன்.
"அந்தப் பக்கம் நான் ஏன் உட்காரணும்?"

பதினாறு வருடம் உட்கார்ந்திருக்கிறேன், எல்லா வண்டியிலும்.
அது அவனுக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.
சுற்றிப்போய் வலக் கதவைத் திறந்தான்.
ஆறடி இரண்டங்குல மனிதன்
முழங்கால் இரண்டும் மோவாயில் முட்ட
தட்டுமுட்டுப் பெட்டி போல் மடங்கி உட்கார்ந்தான்.
"ரெஜைனா வரைக்கும்னா தாங்கும்," என்றான்.
சிரிக்கவில்லை. நான்தான் சிரித்தேன்.

இப்போது டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்கும்
வெட்டிய சுவருக்கும் நடுவே
ஒரு விரற்கடை இருக்கிறது.
அவன் விரல் நுழையவில்லை. என்னுடையது நுழைகிறது.

"இன்னும் கொஞ்சம் நெருக்கலாமா?" என்று கேட்டான்,
முன்னால் ஃபேனுக்கு இடம் கிடைக்குமாம்.

வேண்டாம் என்றேன்.
ஸ்டார்ட் ஆகும்போது ஒரு தடவை உதறும்.
அந்த இடைவெளி அதற்குத்தான்.

அடுத்த வியாழன் ஒயரிங்.
நாய் இந்த வாரம் அவனிடம்.