கையில் ஒன்று

கட்டம் போட்ட நோட்டின் நடுவே ஒரு கோடு.
இடப்பக்கம் போர்த்தோ, வலப்பக்கம் எஷ்.
ஜனவரி முழுக்க, சாப்பாடு முடிந்து
மேசையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தோம்
இல்டாவும் நானும்,
போட்டிருந்த கோட்டைக் கழற்றாமல்.
தெருவைவிட எங்கள் வீட்டுக்குள்தான் குளிர் அதிகம்.

வாடகை இங்கே அறுநூற்றைம்பது.
லக்சம்பர்க்கில், அந்த எஷ்ஷில், ஆயிரத்து ஐந்நூறு.
"ஆனால் சுவரில் பூஞ்சை இருக்காது" என்றாள்.
பூஞ்சை இல்லாததற்கு என்ன விலை போடுவது?
எண்ணூற்றைம்பது என்றேன் விளையாட்டாக.
அவள் எழுதிக்கொண்டாள்.

அவளுடைய ஒன்றுவிட்ட அண்ணன் அதெரீத்து
அங்கிருந்து படங்கள் அனுப்பினான்,
கடை அலமாரியில் பால், அரிசி, முட்டை,
விலைச்சீட்டு தெரிகிறாற்போல.
உப்பிட்ட கருவாட்டு மீன் நம்மூரைவிட
அங்கே மலிவாம்.
அதன் கீழே சிரிக்கும் முகங்கள் மூன்று.
நான் சிரிக்கவில்லை.
நம் மீன் நம்மை முந்திப் போய்
நல்லபடியாகக் குடியேறிவிட்டது.

காப்பி, இங்கே தொண்ணூறு சென்ட்.
அபீலியோ என் முகத்தைப் பார்த்ததும் கோப்பையை நகர்த்துவான்.
அங்கே மூன்று யூரோ, கேட்டுத்தான் கொடுப்பார்கள்.
எந்த மொழியில் கேட்பார்கள் என்பதற்கு
மூன்று விடைகள் உண்டாம்.
அபீலியோவை எந்தக் கட்டத்தில் எழுதுவது
என்று கேட்டேன்.
"சில்லறைச் செலவில்" என்றாள்.

அவள் எக்ஸ்ரே எடுக்கிறவள்.
மாதம் ஆயிரத்து இருநூறுக்கு
ஊராரின் விலா எலும்புகளை எண்ணுகிறவள்.
அங்கே அதே எலும்புகளுக்கு மூவாயிரத்துச் சொச்சம்.
நான் டயர் மாற்றுகிறவன்.
என் சம்பளக் கட்டத்தில் வலப்பக்கம்
ஒரு கேள்விக்குறி,
அதன் கொக்கியை ஒவ்வொரு இரவும்
அவள் பேனா இன்னும் கொஞ்சம் தடிப்பாக்கியது.
"அங்கே பனிக்கு ஒரு டயர், வெயிலுக்கு ஒரு டயர்,
வேலைக்குப் பஞ்சமிருக்காது" என்பாள்.
கேள்விக்குறி அப்படியே இருந்தது.

பிப்ரவரியில் ஒரு காலை.
இரவுப் பணி முடித்து வந்து
தூங்கிக்கொண்டிருந்தாள்.
எரிவாயு பில்லைத் தேடி நோட்டைப் புரட்டினேன்.
கடைசிப் பக்கத்தில் நடுக்கோடு இல்லை,
ஒரே ஊர், ஒரே வரிசை,
அவள் கையெழுத்து.

அறை 870
சாப்பாடு 310
போன் 25
டெல்மோவுக்கு 400
ஹீட்டர் 90
பஸ் 0

அந்த நாட்டில் பஸ்ஸுக்குக் காசில்லை,
அது எனக்கும் தெரியும்.
தெரியாதது, போனுக்கும் ஹீட்டருக்கும் நடுவே
நான் ஒரு செலவாக உட்கார்ந்திருப்பது.
முழு எண்.
பேரம் பேசாமல் போட்ட எண்.

நின்றுகொண்டே கூட்டிப் பார்த்தேன்,
வேறு என்ன செய்வதென்று தெரியாமல்.
அவள் போட்டிருந்தது 1595.
பத்தாம் இடத்தில் பத்தொன்பது வருகிறது,
ஒன்பதைப் போட்டிருக்கிறாள்,
கையில் ஒன்றை மறந்துவிட்டாள்.

மாதாமாதம் நூறு யூரோ குறையும்.
யாருமில்லாத ஊரில், இருபத்தைந்தாம் தேதி வாக்கில்,
ஏன் குறைகிறதென்று அவள் யோசித்துக்கொண்டிருப்பாள்.
பென்சிலை எடுத்தேன்.
ஐந்தின் மேல் ஆறை எழுதினேன்.
நோட்டை இருந்த இடத்தில் வைத்தேன்.
எரிவாயு பில் கிடைக்கவில்லை.

இரண்டு நாள் எதுவும் இல்லை.
மூன்றாம் இரவு சூப்பை ஊற்றிக்கொண்டே கேட்டாள்:
"ஆயிரத்து அறுநூற்றுத் தொண்ணூற்றைந்தா?"
"ஆமாம்."
"அப்படியானால் இன்னும் சின்ன அறையாகப் பார்க்கணும்."
கரண்டியால் முட்டைக்கோஸைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.
"இல்லாவிட்டால் உன் நானூறில் கை வைக்கணும்."
"அதில் வை" என்றேன்.
"மாட்டேன்" என்றாள்.

மாடி வீட்டுத் தண்ணீர்க் குழாய்
சுவருக்குள் முனகி அடங்கியது.
எத்தனையோ கேட்டிருக்கலாம்.
எப்போது எழுதினாய், எத்தனை வருஷத்துக்கு,
பிறகு என்ன?
நான் கேட்டது இதுதான்:

"ஹீட்டருக்குத் தொண்ணூறு போதுமா?"

கோட்டின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு
சொன்னாள்:
"ஒரு ஆளுக்குப் போதும்."