மூன்றாவது குழாய்

மாஸ்டர் சிலிண்டரை விட்டு
இரண்டு குழாய்தான் கிளம்ப வேண்டும்:
முன்சக்கரங்களுக்கு ஒன்று, பின்சக்கரங்களுக்கு ஒன்று.
எழுபத்தொன்றாம் வருடத்து இந்த டிரக்கில்
மூன்று.

மூன்றாவது, பென்சிலைவிட மெலிந்த செம்புக்குழாய்.
எஞ்சினுக்கும் எனக்கும் நடுவிலுள்ள தகட்டைத் துளைத்து
ஸ்டியரிங் தண்டுக்கு அடியில்
ஒரு சாம்பல்நிறப் பெட்டியில் போய் முடிகிறது.
பெட்டியில் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு நெம்புகோல்.
ஆறு வருடமாக என் முழங்கால்
அதில் இடித்துக்கொண்டிருக்கிறது.
திட்டியிருக்கிறேன்.
நீ யார் என்று கேட்டதில்லை.

கேட்க வைத்தது பெடல்.
ஜனவரியிலிருந்து
சேற்றில் கால் வைத்ததுபோல் அமுங்குகிறது.
நான்கு டிரம்மையும் கழற்றிப் பார்த்தேன்,
எலும்பு மாதிரி உலர்ந்து கிடந்தன.
எண்ணெய் மட்டும் வாரத்துக்கு ஒரு விரற்கடை குறைகிறது.
கடைசியில் கால்மிதியைத் தூக்கினால்
அடியில் ஈரம், பெயின்ட் செதில் செதிலாக.

நெப்ராஸ்கா மணற்குன்றுகளில் மார்ச் காற்று.
கொட்டகைக் கதவுக்கு ஒரு டயரை முட்டுக்கொடுத்துவிட்டு
நீல ஒயரின் பின்னாலேயே போனேன்.
ஃபெண்டரில் பீங்கான் உருளை, அதைச் சுற்றிச் சுருள்கம்பி:
இழுக்கும் சுமைக்கு ஏற்றபடி மின்சாரத்தை மட்டுப்படுத்த.
அங்கிருந்து சட்டத்தின் வயிற்றோடு ஒட்டி,
எலி கடித்த இடத்தில்
குதிரைக் காலுக்குச் சுற்றும் சிவப்புக் கட்டுத்துணி
(லிண்டன்தான், வேறு யாருக்குத் தோன்றும்),
பின் பம்பர் வரைக்கும்.
அங்கே ஒரு சாக்கெட்.
ஆறு ஓட்டையிலும் குளவி மண் பூசியிருந்தது.

அதற்கப்பால் நான்கு குதிரை ஏறும் டிரெய்லர் இருந்தது.
அப்பாவின் பாகப்பிரிவினையில்
டிரக் எனக்கு, டிரெய்லர் தம்பிக்கு.
மிதித்தால் இந்தக் குழாயில் அழுத்தம் ஏறும்,
பெட்டி அதை மின்சாரமாக மாற்றும்,
பின்னால் வரும் ஏழாயிரம் பவுண்டும்
ஓட்டுகிறவனின் பாதத்துக்குக் கீழ்ப்படியும்.
ஓட்டியது எப்போதும் லிண்டன்.
விற்றதும் அவன்தான், குதிரைகளோடு,
நான் ஆஸ்பத்திரியில் கிடந்த வாரத்தில்.
குதிரைகளில் இரண்டு என்னுடையவை.

உதிரிபாகக் கடையில் மிலோ பெஷெக்
முறிந்த குழாய்முனையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"இதுக்குப் பாகமே வராது ட்வைலா.
இப்ப வர்ற பெட்டியெல்லாம் எண்ணெயைத் தொடுறதே இல்ல."
"பாகம் வேண்டாம். அடைக்கணும்."
மூன்று இழுப்பறை துழாவி ஒரு பித்தளைத் திருகு.
இரண்டு டாலர் பத்து சென்ட்.
"காத்து எடுக்க ஒரு ஆள் வேணுமே?"

வேண்டும். அதுதான் இந்த வேலையின் கோளாறு:
ஒருவர் மேலே மிதிக்க, ஒருவர் கீழே திறக்க.
மிக அருகில் இருக்கும் கால்
மூன்று மைல் தள்ளி இருந்தது.
போனில் அவ்வளவுதான் சொன்னேன்.
பெடல் மிதிக்க ஒரு கால் வேணும்.

வந்தான். இருக்கையில் ஏறினான்.
நான் வண்டிக்கு அடியில்.
"மிதி."
"மிதிச்சேன்."
"பிடி."
"பிடிச்சிருக்கேன்."
திருகைக் கால் சுற்றுத் திறந்தேன்.
குமிழ் குமிழாகப் பழுப்பு எண்ணெய்
ஊறுகாய் ஜாடிக்குள் இறங்கியது. மூடினேன்.
"விடு."
"விட்டேன்."
பின் வலது, பின் இடது, முன் வலது.
ஆறு வருடத்தில் நாங்கள் பேசியதெல்லாம்
அந்த ஒரு மணி நேரத்தில் பேசிய இந்த மூன்று சொல்தான்.
முன் இடதில் குமிழ் நின்றது.
"கல்லு மாதிரி இருக்கு" என்றான் மேலிருந்து.

இறங்கியவன் மேசைமேல் கிடந்த பெட்டியைப் பார்த்தான்.
நெம்புகோலைத் தள்ளினான். ஸ்பிரிங் இன்னும் திரும்பி வந்தது.
"டிரெய்லர் வாங்கினவன் மறுநாளே கூப்பிட்டான்.
பிரேக் பிடிக்கலையாம்."
"என்ன சொன்னே?"
"பாதி பிரேக் எங்க அக்கா வண்டியில இருக்குன்னேன்."

நான் சிரிக்கவில்லை. ஜாடியை மூடினேன்.
அவன் போன பிறகு சரிவில் இறக்கி
தபால்பெட்டிக்கு முன்னால் மிதித்தேன்.
நின்றது.
சாலைக்கு இன்னும் இருபது அடி இருந்தது.