தொகுப்பூதியம்

பேட்டை வங்கிக்கிளையில்
படிவத்தின் ஏழாவது கட்டம்: தொழில்.
மாணவி என்று எழுதி அடித்தேன்.
ஆசிரியை என்று எழுதி அடித்தேன்.
"அடிச்சா செல்லாதும்மா,
வேற பாரம் வாங்கு."

வேறு பாரத்தில்
ப்ராஜெக்ட் ஃபெல்லோ என்று எழுதிக் கொடுத்தேன்.
"அப்படின்னா?"

அப்படின்னா,
தாமிரபரணியில் பதினோரு இடத்தில்
மாதம் இருமுறை தண்ணீர் மொள்வது.
பாபநாசத்துக்கு ஒரு குப்பி, முக்கூடலுக்கு ஒன்று,
சாக்கடை வந்து விழும் இடத்தில்
மூக்கைப் பொத்திக்கொண்டு ஒன்று.
ஈயம் எவ்வளவு, துத்தநாகம் எவ்வளவு என்று
இரவு பத்துமணி வரை
அபிஷேகப்பட்டிக் காற்றில்
ஜன்னல் அடித்துக்கொண்டிருக்கும் ஆய்வகத்தில் பார்ப்பது.
செவ்வாயும் வியாழனும்
இளநிலை இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு
ப்யூரெட்டைக் கண்மட்டத்தில் வாசிக்கச் சொல்லித்தருவது.
இது நியமன ஆணையில் இல்லை.
அட்டவணையில் இருக்கிறது.
சார் டெல்லி போனால் அவர் வகுப்பும் எனக்கு,
திரும்பி வந்தால் ஒரு பெட்டி சோன்பப்டியும்.

மூன்று மணிக்கு நான் மேடம்.
மூன்றரைக்கு அலுவலகத்தில்,
"ஏ பிள்ள, இந்த ஃபைலக் கொண்டு
மேல குடுத்துட்டு வா."

மாதம் பதினாறாயிரம், காகிதத்தில்.
எட்டு மாதமாகக் காகிதத்தில்.
செலவழித்ததாகச் சான்று போனால்தான்
பணம் வரும்.
பணம் வந்தால்தான்
செலவழிக்க முடியும்.
இருதிசையிலும் நடக்கும் வினை;
எங்கள் பாடத்தில் இதற்குச் சமநிலை என்று பெயர்.
பரீட்சையில் ஐந்து மதிப்பெண்.
மாதக் கடைசியில் ரெவின்யூ ஸ்டாம்ப் மேல்
'பெற்றுக்கொண்டேன்' என்று கையெழுத்துப் போடுகிறேன்.
ஸ்டாம்ப் என் காசு.

அம்மாவுக்கு முக்கூடலில் பீடி.
ஆயிரத்துக்கு இவ்வளவு என்று
சனிக்கிழமை கணக்கு முடிந்துவிடும்.
பி.எஃப். நம்பர் உண்டு, போனஸ் உண்டு,
கழிவு என்று தள்ளிய பீடிக்கு
ஏஜெண்டிடம் சண்டைபோட அவள் வாயும் உண்டு.
"ஒங்க கம்பேனில கணக்கே முடிக்க மாட்டானாட்டி?"
இது சம்பளம் இல்லம்மா, உதவித்தொகை.
இலையை வெட்டிக்கொண்டே கேட்டாள்:
"யாருக்கு யாரு ஒதவி?"
பிறகு முறத்தடியிலிருந்து
ஐந்நூறு ரூபாயை எடுத்து
என் ஐஸ்பெட்டியின் மேல் வைத்தாள்.
அதை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.
அதற்கு முந்தியதையும்.

டவுன் பஸ்ஸில் மட்டும்
ஒருவரும் கட்டம் நிரப்பச் சொல்வதில்லை.
பெண் என்றால் போதும், விலையில்லா டிக்கெட்.
ஒருநாள் கண்டக்டர் ஐஸ்பெட்டியைத் தட்டி,
"என்ன, மீனா?"
தண்ணிண்ணே. ஆத்துத் தண்ணி.
"அதயா டவுனுக்குத் தூக்கிட்டுப் போற?
எங்க வீட்டுக் குழாய்லயே வரும்லா."
பஸ் முழுக்கச் சிரித்தது.
அந்தக் குழாயில் வருவது என்னவென்று
எனக்குத் தெரியும்.
ஆனாலும் சேர்ந்து சிரித்தேன்.

வங்கிக்காரர் பேனா மூடியைக் கடித்தார்.
"பேரு முப்பிடாதி. சரி.
பணம் யாரு போடுவா?"
டெல்லி.
"எப்பம்?"
அவருக்குப் பின்னால் காலண்டரில்
புரட்டாசி கிழிக்காமல் இருந்தது.
"நான் இதரன்னு போடுதேன்" என்றார்.

இதர,
பதினொன்றே கால் பஸ்ஸைப் பிடித்து
செவ்வாய் வகுப்புக்கு ஓடினேன்.
கடைசி மேசையில் ஷர்மிளா பானு
குடுவையைச் சுழற்றிக்கொண்டிருந்தாள்.
"மேடம், நிறம் வருது, போயிருது.
வருது, போயிருது."
இன்னும் ஒரு சொட்டு விடு.
அவசரப்படாதே.
முப்பது நொடி நின்றால்தான் நின்றதாகக் கணக்கு.

இருவரும் குனிந்து நின்றோம்.
வெள்ளைத் தாளின் மேல்
வெளிறிய ரோஜா நிறம்.
எண்ண ஆரம்பித்தாள், உரக்க.
பதினேழில்
அலுவலகத்திலிருந்து யாரோ
ஏ பிள்ள என்றார்கள்.

நீ எண்ணு என்றேன்.